ஸ்டீல் வுல் (இரும்பு நார்) பாக்கெட்டை பிரிக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க

தீபாவளிக்கு அப்புறம் இது நாலாவது ஜோடி. வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கறோம், கையோட அந்த ஸ்பீக்கர் பொட்டியையும் பாலிஷ் பண்ணிடலாம்னு ஆரம்பிக்க வேண்டியது, பொங்கலுக்குள்ள சிந்தாதிரிப்பேட்டைல என் கடை வாசல்ல ஆட்டோவை நிறுத்தி "பொட்டி கண்ணாடி மாதிரி இருக்கு சார், ஆனா பாட்டு போட்டா உள்ள யாரோ தேங்கா துருவற மாதிரி சத்தம் வருது"ன்னு சொல்ல வேண்டியது. தேங்கா துருவற சத்தம்னு யாராவது ஆரம்பிச்சாலே எனக்கு பிபி ஏறிடுது. 22 வருஷமா ஸ்பீக்கர்ல அதிர்ற பேப்பர் கோன் மாத்தறதும் பொட்டி பாலிஷ் போடறதும்தான் பொழப்பு, வேலை வந்தா சந்தோஷப்படணும், ஆனா இந்த வேலை மட்டும் வேண்டாம் சாமி.

போன மாசம் வந்தது பெரம்பூர்லேர்ந்து. பேங்க்ல ரிட்டயர் ஆன ஒரு சார். அவர் ஸ்பீக்கர் கம்பெனி ஐட்டம் இல்ல, அவர் சிநேகிதர் கையால செஞ்சது. அந்த சிநேகிதர் ரயில்வேல பேட்டர்ன் மேக்கர், அதாவது வார்ப்படத்துக்கு மரத்துல அச்சு செய்யறவர், அரை மில்லிமீட்டர் தப்பினா அன்னிக்கு தூக்கம் வராத ஆளு. 1998ல ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைல கடைசியா மிச்சம் இருந்த ஒரு ஜோடி 8 இன்ச் ஊஃபருக்கு, அதாவது பேஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கருக்கு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேரம் பேசி, கடைக்காரர் கடுப்பாகி "யாராவது ஒருத்தர் எடுங்கய்யா"ன்னு கத்த, ஒருத்தர் காசு போடறது ஒருத்தர் பொட்டி செய்யறதுன்னு வெளிய டீக்கடைல முடிவாச்சாம். 18 மில்லிமீட்டர் பிளைவுட், மேல தேக்கு வெனீர், அதாவது மெல்லிசா சீவி ஒட்டின மரத் தோல். அன்னிலேர்ந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம்னா ரயில்வே சார் பேங்க் சார் வீட்டு ஹால்லதான். இவருக்கு மதுரை சோமு, அவருக்கு டி.எம்.எஸ்., நடுவுல பஜ்ஜி. ரெண்டு பேரும் எனக்கு கஸ்டமரா வந்து என் கல்யாணத்துல பந்தி பரிமாறின வரைக்கும் போனவங்க. இந்த லைன்ல அப்படித்தான், ஒரு மீட்டர் கேபிள் வாங்க வந்தவன் சாப்பாட்டு நேரத்துக்கு போகாம உக்காந்திருப்பான், அடுத்த வாரம் டிபன் பாக்ஸோட வருவான்.

ரயில்வே சார் ரெண்டு மாசம் ஓசூர்ல பொண்ணு வீட்டுக்கு போயிருந்தப்போ, வந்து பாத்து அசந்து போகட்டும்னு பேங்க் சார் தானே களத்துல இறங்கிட்டார். யூடியூப்ல யாரோ வெள்ளைக்காரர் பழைய டேபிளை ஸ்டீல் வுல் வச்சு தேய்ச்சு வெண்ணெய் மாதிரி பண்ணினதை பாத்திருக்கார். டேபிள்! ஸ்பீக்கர் இல்ல, டேபிள். நாலு சைபர் போட்ட ரொம்ப நைஸான ஸ்டீல் வுல்லு ஆன்லைன்ல வந்துடுச்சு, தேய்ச்சாச்சு. சிநேகிதர் ஊர்லேர்ந்து வந்தார், உக்காந்தார், ஒரு பாட்டு முழுசா கேட்டார், காபியை குடிச்சார், செருப்பை மாட்டிட்டு கிளம்பிட்டார். அப்புறம் மூணு ஞாயிறு ஆள் வரல. "சவுண்டை நீ சரி பண்ணு தம்பி, அவனை நான் பாத்துக்கறேன்"னு என்கிட்ட சொல்லும்போது சாருக்கு குரலே சரியில்ல.

ஏன் சார் ஊஃபரை கழட்டலைன்னு கேட்டேன். எல்லாரும் சொல்ற அதே பதில்தான். "மூடிட்டேனே தம்பி! நாலு லேயர் நியூஸ்பேப்பர், சுத்தி மாஸ்கிங் டேப்பு."

மூடினா போதும்ங்கறதுதான் என்னை சாகடிக்குது. சின்ன வயசுல பேப்பருக்கு அடியில காந்தத்தை வச்சு மேல இரும்புத்தூளை ஆட விட்டது உங்க யாருக்கும் ஞாபகம் இல்லையா? ஸ்டீல் வுல்னா இரும்பு. தேய்க்கத் தேய்க்க கண்ணுக்கே தெரியாத முடி மாதிரி ஒடஞ்சு ஒடஞ்சு விழும். ஊஃபர் பின்னாடி இருக்கறது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காந்தம், அது நாலு லேயர் என்ன, நாப்பது லேயர் பேப்பர் போட்டாலும் இழுக்கும். தூள் பேப்பர் மேல நின்னுட்டு இருக்கும், நீங்க வேலை முடிஞ்ச சந்தோஷத்துல டேப்பை சர்ருனு உரிப்பீங்க, மொத்தமும் கோன் மேல கொட்டும், கொட்டினது நேரா நடுவுக்கு நகரும். சரி, முன்பக்கம் ரொம்ப பக்குவமா எடுத்தீங்கன்னே வச்சுக்குவோம், கீழ போர்ட்னு ஒரு ஓட்டை இருக்கே அதை மூடினீங்களா? பின்னாடி வயர் மாட்டற டெர்மினல் பிளேட்டை கழட்டி தேய்ச்சீங்களே அந்த ஓட்டை? அது வழியா உள்ள போனது காந்தத்தோட முதுகுல போய் உக்காரும், நிறைய ஊஃபர்ல காந்தத்துக்கு பின்னாடி நடுவுல காத்து போக ஒரு துளை இருக்கும், அங்கேர்ந்து வாய்ஸ் காயில், அதாவது கோனை ஆட்டற கம்பிச் சுருள், ஓடற இடுக்குக்கு ரொம்ப தூரம் இல்ல. அந்த இடுக்குல காயிலுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற இடைவெளி அரை மில்லிமீட்டர் கூட கிடையாது. அதுல இரும்பு முடி நின்னா தேங்கா துருவாம வேற என்ன பண்ணும்? ஊதினா போகாது. வேக்கம் கிளீனரால வராது, வேக்கம் வச்சா கோன் நடுவுல மூடியா இருக்கற டஸ்ட் கேப்புதான் பிச்சுக்கிட்டு வரும். அதுவும் ஒண்ணு வந்துச்சு போன வருஷம்.

நான் எப்படி எடுத்தேன்னா, டஸ்ட் கேப்பை பிளேடால அறுத்துட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமை விரக்கடை அகலத்துக்கு வெட்டி நுனியில டேப் சுத்தி இடுக்குல விட்டு விட்டு எடுக்கணும், ஒரு தடவைக்கு நாலு முடி அஞ்சு முடி ஒட்டிக்கிட்டு வரும். (எங்க வீட்டுல யாருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் ஃபிலிம் எனக்குத்தான், இப்ப எல்லாம் சிடில கொடுத்து என் வயித்துல அடிக்கறாங்க.) ஒரு ஊஃபருக்கு ஒன்றரை நாள் ஆச்சு. இன்னொண்ணுல தூள் காயிலுக்கு அடியிலயே இறங்கிடுச்சு, கோனையே பிரிச்சு எடுத்துத்தான் உக்கார வச்சேன்.

பாலிஷ் மாத்தினா சவுண்ட் மாறுமான்னு சிலர் கேப்பாங்க. 18 மில்லிமீட்டர் பொட்டிக்கு மாறாது, நிம்மதியா தூங்குங்க. ஆனா உள்ள கை வச்சா மாறும். பொட்டியோட கொள்ளளவு, போர்ட்டோட நீளம் இதெல்லாம் தீல், ஸ்மால்னு ரெண்டு பேர் ஆஸ்திரேலியால உக்காந்து போட்ட கணக்கு, அது உங்க கார்பெண்டருக்கு தெரியாது, தெரியணும்னு அவசியமும் இல்ல, கை வைக்காம இருந்தா போதும். ஒரு வீட்டுல உள்ள இருந்த பஞ்சை "எலி கூடு கட்டிடுச்சு சார்"னு கார்பெண்டர் குப்பைல போட்டுட்டார். இன்னொரு வீட்டுல எல்எஸ்3/5ஏங்கற பிபிசி டிசைன் ஸ்பீக்கர் மாதிரியே ஆசையா செஞ்ச சின்ன பொட்டி, 12 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட்டு, அதோட சுவர் அதிராம இருக்க உள்பக்கம் கருப்பா ஒரு பட்டை ஒட்டியிருக்கும், அதை தார் ஒட்டியிருக்குன்னு உளி வச்சு சுரண்டி எடுத்திருந்தாங்க. அழுகையே வந்துடுச்சு எனக்கு.

சரி, நீங்களே செய்வேன்னு அடம் பிடிக்கறவங்களுக்கு சொல்றேன். உப்புத்தாள் பொட்டியை தொடறதுக்கு முன்னாடி எல்லா டிரைவரும், அதாவது ஊஃபரும் கீச்சு சத்தத்துக்கான சின்ன ட்வீட்டரும், வெளிய வரணும், வந்து வேற ரூம்ல மூடி போட்ட டப்பால இருக்கணும். பக்கத்து டேபிள் இல்ல, வேற ரூம். கழட்டும்போது வயரை போட்டோ எடுங்க, ப்ளஸ் எது மைனஸ் எதுன்னு டேப் ஒட்டி எழுதுங்க, ஒரு பக்கம் மட்டும் மாத்தி கொடுத்தா பேஸ் காணாம போயிடும், நீங்க ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர்னு நினைச்சு அதையும் பிரிப்பீங்க. ஸ்க்ரூடிரைவரை கெட்டியா பிடிங்க, காந்தம் அதை வெடுக்குனு இழுத்து கோன்ல குத்தும், பேங்க் சாருக்கு ஒரு ட்வீட்டர் போனது அப்படித்தான், மெல்ல கழட்டிடலாம்னு ட்ரை பண்ணிட்டு அப்புறம்தான் மூடற ஐடியாவுக்கே போயிருக்கார். ஸ்க்ரூ ஓட்டை லூசாயிடுச்சா, தீக்குச்சியை ஃபெவிகால்ல தோய்ச்சு சொருகுங்க, பெரிய ஸ்க்ரூ வேண்டாம்.

வெனீர் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனம்தான், ஞாபகம் இருக்கட்டும். மெஷின் போடாதீங்க, 240 நம்பர் உப்புத்தாள்ல கையால, இழை போற திசைல, ஓரத்துல இன்னும் மெதுவா. ஓரம்தான் முதல்ல கிழியும், கீழ பிளைவுட் பல்லைக் காட்டும். கடைசி தேய்ப்புக்கு ஸ்டீல் வுல்லுக்கு பதிலா நைலான் நார் பேட் இருக்கு, அது போதும், ஸ்டீல் வுல் வீட்டுக்குள்ளயே வர வேண்டாம். ஐப்பசி கார்த்திகைல சென்னைல லேக்கர் பாலிஷ் அடிக்காதீங்க, காத்துல இருக்கற ஈரத்துக்கு வெள்ளை பூத்துடும். ஹார்டனர் கலக்கற பியு (பாலியூரித்தேன்) பாலிஷ் ஸ்ப்ரே பண்றதை எங்ககிட்ட விட்டுடுங்க, அந்த புகை நுரையீரலுக்கு ஆகாது, கைக்குட்டை கட்டிக்கிட்டா ஒண்ணும் நிக்காது. லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) துடைச்ச துணியை சுருட்டி மூலைல போடாதீங்க, தானா தீப்பிடிக்கும், தண்ணில நனைச்சு விரிச்சு வெளிய காயப்போடுங்க. பேப்பர் கோன் வெளுத்திருக்கேன்னு கருப்பு பெயிண்டோ ஷூ பாலிஷோ தடவறவங்ககிட்ட நான் பேசறதே இல்ல. அதுக்கு எடை ஏறும்ங்க, அது முகம் இல்ல.

பேங்க் சார் விஷயத்துக்கு வரேன். சத்தம் சரியாச்சு, ஆனா வலது பொட்டி மேல் ஓரத்துல ஒரு விரல் நீளத்துக்கு வெனீர் தேஞ்சு போச்சு. ஒட்டு போடலாம்னா அந்த இழைக்கு தோதா தேக்கு கிடைக்கல. நானே ரயில்வே சாருக்கு போன் பண்ணி விஷயத்தை சொன்னேன். ம்னு ஒரு வார்த்தை, வச்சுட்டார். மறுநாள் காலைல கடை திறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நிக்கறார், கைல மஞ்சள் பூத்த பழைய பேப்பர்ல சுருட்டின ஒரு கட்டு. 98ல மிச்சம் விழுந்த அதே வெனீர், கட்டிலுக்கு அடியில வச்சிருந்திருக்கார். இழை அப்படியே ஒத்துப்போகுது, நிறம்தான் ஒத்துப்போகல, பொட்டி அத்தனை வருஷம் ஜன்னல் வெளிச்சத்துல இருந்தது, இது இருட்டுல. "வெயில்ல போடு, தானா வரும்"னார்.

இப்ப அந்த துண்டு என் கடை மொட்டை மாடில செங்கல் வச்சு காயுது. நேத்து ரெண்டு பேரும் ஒரே ஸ்கூட்டர்ல வந்து ஏறிப் பாத்தாங்க. பொட்டியோட வச்சுப் பாத்துட்டு "இன்னும் பத்து நாள்டா"ன்னார் ரயில்வே சார். பேங்க் சார் வாயே திறக்கல, கண்ணாடியை கழட்டி துடைச்சுக்கிட்டே இருந்தார்.