தன்னியக்கம் என்ற சொல்லை விட்டு ‘இயந்திரமயமாக்கல்’ எதற்கு?

கிளிநொச்சியில் வேலை தேடும் இளைஞர்களுக்காக நடந்த ஒரு பயிற்சிப் பட்டறையில் கொடுத்த கையேட்டில் ‘இயந்திரமயமாக்கலும் எதிர்கால வேலைவாய்ப்பும்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. உள்ளே புரட்டினால் ரோபோ, செயற்கை நுண்ணறிவு, கடிதம் எழுதித் தரும் மென்பொருள் என்று போகிறது. ஆங்கில மூலத்தில் இருந்த சொல் ஓட்டோமேசன் (automation), அதாவது தன்னியக்கம். இந்தப் பிழையைப் பத்திரிகையில், வானொலியில், மேடைப் பேச்சில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஓட்டோமேசன் வேறு, இயந்திரமயமாக்கல் வேறு. இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் யாருடைய வேலைக்கு ஆபத்து என்பதே மாறிப்போய் விளங்கும்.

முதலில் சொல்லின் வரலாறு. கிரேக்கத்தில் ‘ஓட்டோமாட்டோஸ்’ என்றால் தானே எண்ணி, தானே அசைவது. முன்பாதி ‘தான்’. பின்பாதி மனம், எண்ணம் என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்தது. வடமொழி ‘மனஸ்’ என்பதும் அதே வேர்தான். ஹோமரின் காவியத்தில் ஒலிம்பஸ் மலையின் வாயில்கள் ஒருவரும் தொடாமல் தாமாகத் திறக்கின்றன. அங்கே வருவது இந்தச் சொல். ‘ஓட்டோமேசன்’ என்ற இன்றைய வடிவம் 1940களில் அமெரிக்காவின் போர்ட் கார் நிறுவனத்தில் பிறந்தது. டெல்மர் ஹார்டர் என்ற அதிகாரி அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1947இல் அந்தப் பெயரிலேயே அங்கு ஒரு பிரிவு தொடங்கப்பட்டது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போர்ட் தொழிற்சாலை 1947இல் புதிதாக இயந்திரம் வாங்கிய இடமல்ல. அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இயந்திரம் நிறைந்திருந்தது. ஆனால் ஒரு மெசினில் முடிந்த பாகத்தை எடுத்து அடுத்த மெசினில் வைக்க ஆள் நின்றான். அந்த ஆளின் வேலையையும் ஒரு பொறியமைப்பிடம் கொடுத்தபோதுதான் புதுச்சொல் தேவைப்பட்டது. இயந்திரமயமாக்கல் என்ற சொல் போதுமென்றால் அவர்கள் இன்னொன்றைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள். அவர்களுக்கே போதாத சொல்லை நாம் ஏன் தூக்கிப் பிடிக்கிறோம்?

வன்னி வயலில் நின்று பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். 2009க்குப் பிறகு இங்கே பரவலாக இறங்கிய அறுவடை மெசினை எடுத்துக்கொள்ளுங்கள். அரிவு வெட்டு, கட்டுக் கட்டித் தூக்குதல், சூடு வைத்தல், சூடடித்தல், தூற்றுதல் என்று நாட்கணக்கில் பலபேர் செய்த வேலையை அது ஒரே ஓட்டத்தில் முடிக்கிறது. காலபோக (பெரும்போக) அறுவடையை நம்பியிருந்த கூலிக் குடும்பங்களை, அதிலும் கூட்டமாக வெட்டுக்குப் போன பெண்களை, அது கடுமையாகத் தாக்கியது. அது உண்மை, சிறிய விசயமும் இல்லை. ஆனாலும் அந்த மெசினின் மேலே ஒரு சாரதி இருக்கிறார். காற்று மழைக்கு நெல் சாய்ந்து படுத்துக் கிடக்கும் இடத்தில் வெட்டுத்தலையைப் பதிப்பதும், வரம்பைக் கண்டதும் தூக்குவதும், ஈரம் கூடிய மூலையில் புதையாமல் திருப்பி எடுப்பதும் அவருடைய கண்ணும் கையும். போனது முதுகின் வேலை. கண்ணின் வேலை சாரதியிடம் இருக்கிறது. இதற்குப் பெயர் இயந்திரமயமாக்கல். இந்த இடத்தில் அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

இனி ஒரு பெரிய அரிசி மில்லுக்குள் போவோம். குத்திய அரிசியில் கறுப்பும் கல்லும் பொறுக்குவது பெண்கள் செய்த வேலை. சுளகில் போட்டுப் புடைத்து, கொழித்து, கண்ணால் பார்த்து, விரலால் எடுத்துப் போட்டார்கள். இன்று அந்த இடத்தில் நிற்பது நிறம் பிரிக்கும் மெசின். மேலேயுள்ள தொட்டியிலிருந்து அரிசி சாய்வான தகட்டு வாய்க்கால்களில் மெல்லிதாக வழிந்து வருகிறது. கீழே விளக்கும் கமராவும். கறுத்த மணியோ பழுப்பு மணியோ கடக்கும் கணத்தில், அதற்கு நேரே இருக்கும் சிறு துவாரம் ‘டிக்’ என்று காற்றை ஊதி அந்த மணியை மட்டும் வேறு வழிக்குத் தள்ளுகிறது. எந்த அளவு கறுப்பைக் கழிக்க வேண்டும் என்பதை ஆள் அமைத்துவிட்டால் சரி. அதன்பின் பார்ப்பதும், நல்லது கெட்டது தீர்மானிப்பதும், தள்ளுவதும் மெசின். போனது கண்ணின் வேலையும் தீர்மானத்தின் வேலையும். இதுதான் ஓட்டோமேசன்.

இரண்டையும் ‘இயந்திரமயமாக்கல்’ என்ற ஒரே பையில் போட்டுக் கட்டினால் என்ன நடக்கிறது? எங்கள் ஊர்களில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் மனதில் வருவது உழவு இயந்திரம், வெட்டு மெசின், கிணறு தோண்டும் மெசின். ‘மெசின் வந்தால் கூலிக்காரனுக்குத்தானே கஷ்டம், என்ர பிள்ளை படிச்சு கந்தோரில இருக்கட்டும்’ என்று தாய் தகப்பன் நினைக்கிறார்கள். அவர்களில் பிழையில்லை, சொல் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் இப்போது வந்துகொண்டிருப்பது முதலில் கைவைக்கும் இடங்களில் கந்தோர் மேசையும் ஒன்று. கடிதம் வரைவது, கணக்குப் பதிவது, விண்ணப்பம் சரிபார்ப்பது, மொழிபெயர்ப்பது, நிரல் எழுதுவது, தொலைபேசியில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது எல்லாம் அதன் பாதையில் இருக்கின்றன. குளத்து வாய்க்காலில் சேறு வாருகிறவரின் வேலையை மென்பொருளிடம் கொடுக்க முடியாது. முகாமைத்துவ உதவியாளரின் வேலையில் பாதியைக் கொடுக்கலாம். வேலைவாய்ப்புப் பாடம் எடுக்க வந்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய முதல் விசயம் இது. தலைப்பே அதை மூடிவிடுகிறது.

‘மயம்’ என்ற ஒட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பொன்மயம், இருள்மயம், ஆனந்தமயம் என்றால் அது நிறைந்திருக்கிறது என்று பொருள். இயந்திரமயம் என்றால் இயந்திரம் நிறைந்த நிலை. இடம் எப்படி இருக்கிறது என்று சொல்கிறதே தவிர, அந்த இயந்திரம் யார் கையில் ஓடுகிறது என்று சொல்லவில்லை. வடசொல் என்பதற்காக நான் இதை எதிர்க்கவில்லை. இயந்திரமும் வடசொல்தான், உழவு இயந்திரம் என்று நாமெல்லாம் மனநிறைவோடு சொல்கிறோம். என் குறை, சொல் பொருளைத் தொடவில்லை என்பது. அப்புறம், உலகமயமாக்கல், தனியார்மயமாக்கல், கணினிமயமாக்கல் என்று அடுக்கிப் பழகிய கை, ஆங்கிலத்தில் ‘சேசன்’ என்று முடிகிற எதைக் கண்டாலும் ‘மயமாக்கல்’ என்று ஒட்டிவிடுகிறது. ‘தானியங்கிமயமாக்கல்’ என்றுகூட எழுதுகிறார்கள். அதை வாய்விட்டு ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தமிழில் இந்த வேறுபாட்டைப் பார்க்கும் கண் இல்லாமல் போகவில்லை. சீவக சிந்தாமணியில் சீவகனின் தாய் விசயை ஏறிப் பறக்கும் மயிற்பொறியை வலப்பக்கம் திருகினால் மேலெழும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். கை இல்லாமல் அது அசையாது. சிலப்பதிகாரத்தில், மாதரி கண்ணகியை அழைத்துக்கொண்டு மதுரைக் கோட்டைக்குள் போகும்போது மதிலில் ‘வளைவிற் பொறி’ இருக்கிறது. அதற்கு உரைகாரர் சொல்லும் பொருள், வளைந்து தானே எய்யும் வில் என்பது. ‘தானே எய்யும்’. அந்த ஏகாரத்தில் ஓட்டோமேசன் முழுவதும் இருக்கிறது. இரண்டும் பொறிதான். ஒன்று திருகினால் ஓடுவது, மற்றது தானே எய்வது.

‘ஆளில்லா’ என்று தொடங்கும் சொற்களும் இதே குழப்பத்தைத்தான் செய்கின்றன. ஆளில்லா விமானம் என்றால் உள்ளே ஆளில்லை, அவ்வளவுதான். திரைக்கு முன்னால் ஒருவர் இருக்கிறார். போர்க்காலத்தில் தலைக்கு மேலே இரைந்துகொண்டு சுற்றியதை வன்னிச் சனம் ‘வண்டு’ என்றது. அதற்குள் ஆளில்லை என்பதால் அதன் பின்னால் ஆளில்லை என்று ஒருவரும் நம்பவில்லை. கண்ணிவெடி அகற்றும் இடத்தில் தூரத்தில் நின்று கருவியால் ஓட்டும் மெசினும் அப்படித்தான். தூரத்திலிருந்து இயக்குவது தன்னியக்கமாகாது.

அடுத்தது தானியக்கம். தமிழ்நாட்டில் தானியங்கி, தானியக்கம் என்பவை நன்றாக வேரூன்றிவிட்டன. ‘தான்’ இயங்குவது தானியங்கி, இலக்கணத்தில் குறையில்லை. அங்கே அவர்கள் அதை வைத்திருக்கட்டும். ஆனால் நெல் விளையும் நாட்டில் இருந்து சொல்கிறேன், ‘விவசாயத்தில் தானியக்கம்’ என்று ஒரு துண்டுப் பிரசுரத்தில் போட்டால் கமக்காரர் அதை முதலில் தானியம் என்றே வாசிப்பார். தானியக் களஞ்சியம், தானியக் கொள்வனவு என்று பார்த்துப் பழகிய கண் ‘தானியக்’ வரை வந்ததும் நெல்லுக்குப் போய்விடும். ஒரு சொல் விளங்குவதற்கு முன் ஒருமுறை தடுக்கி விழவைக்கிறது என்றால், வேறு நல்ல சொல் கையில் இருக்கும்போது அதை எதற்கு எடுக்க வேண்டும்? இன்னொன்று, தானியங்கி என்பது கருவியின் பெயர். ‘தானியங்கியால் வேலை போகிறது’ என்று எழுதுகிறவர் கருவியைச் சொல்கிறாரா, செய்முறையைச் சொல்கிறாரா என்பது தெரிவதில்லை.

கையில் இருக்கும் நல்ல சொல் தன்னியக்கம். தன் + இயக்கம். தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டிக்கும் என்ற விதிப்படி தன்னியக்கம். இலங்கையில் இது புதிதுமல்ல. வங்கி, அரச ஆவணம், பாடநூல் எல்லாவற்றிலும் ‘தன்னியக்க’ என்ற அடை பழகியதுதான். அதைவிடப் பெரிய காரணம் பேச்சில் இருக்கிறது. நீர் நிறைந்ததும் மோட்டர் தானே நின்றுவிட்டால் எங்கள் ஆட்கள் ‘அது தன்ரபாட்டில நிக்கும்’ என்பார்கள். தன் பாட்டில் ஓடுவது, தன் பாட்டில் நிற்பது. ‘தன்’ அங்கே தயாராக இருக்கிறது. எழுத்தில் தன்னியக்கம் என்று வைத்தால் பேச்சில் ‘தன்ரபாட்டில’ வந்து கைகொடுக்கும். படிக்காத ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படாத சொல்லாக்கம் எத்தனை கிடைக்கும்?

குளத்தை வைத்தும் சொல்லலாம். குளக்கட்டின் ஓரமாக, மிகை நீர் வழிந்தோட மட்டம் பார்த்துக் கட்டிய வான், நீர் அந்த மட்டத்தைத் தொட்டதும் யாரையும் கேட்காமல் பாயும். இரணைமடு போன்ற பெரிய குளத்தில் வான்கதவு இருக்கிறது. மட்டத்தைப் பார்த்து, கீழேயுள்ள ஊர்களை நினைத்து, எவ்வளவு திறப்பது என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தின் போது அந்த முடிவைப் பற்றித்தான் இங்கே அவ்வளவு வாதம் நடந்தது. கதவைத் தூக்குவது மோட்டராக இருந்தாலும் கையாக இருந்தாலும், முடிவு மனிதரிடம் இருக்கும்வரை அது தன்னியக்கமாகாது.

வான் தன்னியக்கம்தான், ஆனால் அதற்கு அறிவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தன்னியக்கத்தையும் செயற்கை நுண்ணறிவையும் ஒன்றென்று எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். செயற்கை நுண்ணறிவு என்பதன் ஆங்கிலப் பெயரை ஜோன் மக்கார்த்தியும் கூட்டாளிகளும் 1955இல் எழுதிய ஒரு திட்ட முன்மொழிவில் வைத்தார்கள்; அடுத்த ஆண்டு டார்ட்மவுத் கல்லூரியில் அந்தப் பெயரில் கூட்டம் நடந்தது. ‘நுண்ணறிவு’ எங்கள் நாட்டில் போட்டிப் பரீட்சை எழுதிய எவருக்கும் தெரிந்த சொல். அதை அப்படியே விடலாம். ஒரு மென்பொருள் ‘இப்படி எழுதலாம்’ என்று சொல்லி, எழுதுவதை மனிதரிடம் விட்டால் அங்கே நுண்ணறிவு இருக்கிறது, தன்னியக்கம் இல்லை. அதுவே எழுதி, அதுவே அனுப்பினால் இரண்டும் இருக்கின்றன. வேலை போகிறதா, வேலையின் தன்மை மாறுகிறதா என்பது பெரும்பாலும் இந்த இடத்தில் தீர்மானமாகிறது.

மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 2013இல் ஒக்ஸ்போர்டின் பிரேயும் ஒஸ்போர்னும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் கணினியிடம் போகக்கூடிய உயர் ஆபத்தில் உள்ளன என்பது அதன் கணிப்பு. இது தமிழுக்கு வரும்போது ‘47 சதவீத வேலைகள் பறிபோகும்’ என்றாகிவிடுகிறது. அமெரிக்கா என்ற சொல் காணாமல் போகிறது, ‘போகக்கூடிய’ என்பது ‘போகும்’ ஆகிறது, கணினியும் இயந்திரமாகிறது. ஒரே வரியில் மூன்று இழப்பு. இது சொல் தெரியாததால் வந்ததல்ல. மூலத்தை நின்று வாசிக்காததால் வந்தது.

இப்போது அந்த வாசிப்பையே மென்பொருளிடம் விட்டுவிட்டார்கள். ஆங்கிலத்தை ஒட்டுகிறார்கள், வருவதை எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றி அச்சுக்குக் கொடுக்கிறார்கள். இணையத்தில் கூடுதலாகக் கிடக்கும் தமிழ் தமிழ்நாட்டில் எழுதப்பட்டது; அதைக் கற்ற மென்பொருள் தானியங்கி என்றே தரும், கமநல சேவை நிலையத்தில் கொடுக்கும் துண்டறிக்கைக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று யோசிக்காது. யோசிக்க வேண்டியவர் மொழிபெயர்ப்பாளர். அவருடைய வேலை மெசின் தந்ததைத் திருத்துவதாகச் சுருங்கியிருக்கலாம், ஆனால் திருத்துவதும் தேர்ச்சி வேண்டிய வேலை. திருத்தாமல் கையெழுத்துப் போடுவதற்குக் கூலி எதற்கு?

பயன்பாட்டுக்கு வேண்டிய மற்றச் சொற்கள் இதிலிருந்தே கிடைக்கும். செய்முறை தன்னியக்கம், அதற்கு மாற்றுவது தன்னியக்கமாக்கல், இங்கே ‘மயம்’ தேவையில்லை. கருவி தன்னியக்கி. ஒரு பகுதி மட்டும் தன் பாட்டில் நடந்தால் பகுதித் தன்னியக்கம். நிறம் பிரிக்கும் மெசின் கழித்துத் தள்ளிய குவியலில் நல்ல மணி போயிருக்கிறதா என்று ஒரு பெண் கையால் அள்ளிப் பார்க்கிற மில் இருந்தால் அங்கே நடப்பது பகுதித் தன்னியக்கம், அவர் பார்ப்பது தரக்கட்டுப்பாட்டு வேலை. சம்பளப் பதிவேட்டிலும் அப்படியே எழுத வேண்டும்.