லைக்கன் ஸ்கிளிரோசஸ்

கடலூர், பாகூர் பக்கத்திலிருந்து புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு பஸ் ஏறிப்போகும் பெண்கள், தோல் பிரிவில் கொடுத்த ஓ.பி. சீட்டில் ‘எல்.எஸ்.’ என்றிருந்தால் குழம்புவார்கள். அதன் விரிவுதான் தலைப்பு; அது ஒரு தோல் நோயின் பெயர்.

லைக்கன் கிரேக்கச் சொல். மரப்பட்டையில் படரும் பாசி போன்றதற்கும் தோலில் கிளம்பும் தடிப்புக்கும் கிரேக்கர்களிடம் இதே பெயர்தான். பிரியாணியில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கனே. ‘ஸ்கிளிரோஸ்’ என்றால் கெட்டியானது. இந்நோயை 1887இல் விவரித்தவர் பாரிஸ் மருத்துவர் அலொப்போ. ‘அட்ரோஃபிகஸ்’ (மெலிந்தது) என்றொரு வாலும் முன்பு இருந்தது. எல்லோருக்கும் தோல் மெலிவதில்லை என்று பிறகு வெட்டிவிட்டார்கள்.

“கீழ அரிக்குது டாக்டர், ராத்திரி தூக்கமே இல்ல” என்றுதான் பேச்சு தொடங்கும். பிறப்புறுப்பைச் சுற்றி, ஆசனவாய் வரை, 8 வடிவில் தோல் வெளிறிச் சுருங்கியிருக்கும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு அதிகம். பூப்படையாத சிறுமிகளுக்கும் உண்டு. ஆண்களுக்கு முன்தோல் இறுகிப் பின்னுக்கு வராது. உடலின் எதிர்ப்பாற்றலே தன் தோலைத் தாக்குவதாகக் கருதப்படுகிறது. ஒட்டாது, கணவனிடமிருந்து வந்ததும் இல்லை.

தமிழில் என்ன சொல்வது? ‘வெள்ளை’ என்று தொடங்கினால் வெள்ளைப்படுதல் என்று காதில் விழும். ‘படை’ என்றால் தொற்றும் என்று துண்டைத் தனியாக வைப்பார்கள். ‘தோல் இறுக்கம்’ மட்டும் போட்டால் உடம்பெல்லாம் இறுகும் வேறொரு நோயோடு குழம்பும். ‘வெளிர்தோல் இறுக்கம்’ என்பது என் தேர்வு. நிறமும் தன்மையும் அதில் இருக்கின்றன, பயமுறுத்தல் இல்லை.

மருந்து, க்ளோபெட்டசால் 0.05% களிம்பு. வழக்கமாக முதல் மாதம் தினமும் இரவில், அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இருமுறை. 30 கிராம் டியூப் ஒன்று 3 மாதம் வரவேண்டும். ‘ஸ்டீராய்டு’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு பாதியில் நிறுத்துவதுதான் இங்கே பெரிய தொல்லை. மருத்துவர் பார்க்காமல் மருந்துக்கடையில் அரிப்புக் களிம்பு வாங்கிப் பூசுவது அதைவிட மோசம். டெட்டால், சோப்பு வேண்டாம். வெறும் தண்ணீரில் கழுவி வாசலின் தடவலாம். நோய் முழுதாகப் போகாது, அடங்கும். கவனிக்காமல் விட்டால் நூற்றில் 5 பேருக்கும் குறைவானவர்களுக்குப் புற்றாக மாறலாம். ஆகவே வருடம் ஒருமுறை காட்டவேண்டும்; ஆறாத புண்ணோ கட்டியோ தெரிந்தால் வருடம் வரை காத்திருக்கக் கூடாது.