பூஞ்சைக்காகக் காத்திருக்கும் விதை

ஒரே காயில் ஆயிரக்கணக்கான விதைகளை உண்டாக்கும் ஆர்க்கிட் செடிகள் ஏன் அழிகின்றன, விதைகளைச் சேகரித்துக் காட்டில் தூவினால் போதாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பொதிகை எனப்படும் அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் பாஃபியோபெடிலம் ட்ரூரியி என்ற ஆர்க்கிட்டை வைத்தே இதற்கு விடை தேடலாம். மஞ்சள் இதழ்களின் நடுவே கரும்பழுப்புக் கோடு ஓடும் அதன் பூவுக்காகச் சேகரிப்பாளர்கள் செடிகளை வேரோடு பெயர்த்துச் சென்றதால், அது இன்று மிக அருகிவிட்டது. காட்டில் எடுத்த செடிகளின் பன்னாட்டு வணிகத்தை, அருகிவரும் உயிரினங்களைக் காக்க நாடுகள் செய்துகொண்ட சைட்டிஸ் ஒப்பந்தம் தடை செய்திருக்கிறது. ஆனால், இழந்த செடிகளைத் திரும்பக் கொண்டுவருவது தனி வேலை.

நெல்மணிக்குள் கருவோடு முளைசூழ்தசை என்ற கட்டுச்சோறும் இருக்கிறது. தூசியளவே உள்ள ஆர்க்கிட் விதையிலோ கரு மட்டுமே உண்டு. வேர், இலை எதற்கும் அதில் தொடக்கம்கூட இல்லை. மண்ணில் விழுந்த விதையின் ஒரு முனை வழியாகப் பொருத்தமான பூஞ்சையின் இழை நுழைந்து, கருவின் செல்களுக்குள் நூற்கண்டுபோலச் சுருண்டுகொள்கிறது. வழக்கமாக இத்தகைய நுழைவு நோயாக முடியும். இங்கே கருவின் செல்கள் அந்தச் சுருள்களைச் செரித்து, பூஞ்சை மட்கிய இலைதழைகளிலிருந்து திரட்டிய கரிமத்தையும் நைட்ரஜனையும் எடுத்துக்கொள்கின்றன. செரித்த செல்லுக்குள்ளேயே மறுபடியும் இழை நுழைவதும் உண்டு. இலை விட்டு ஒளிச்சேர்க்கையைத் தொடங்கும்வரை, பச்சைத் தாவரமாக வேண்டிய அந்த உயிர் பூஞ்சையைத் தின்றே வளர்கிறது! உயிரியலில் எனக்கு இதைவிட வியப்பூட்டும் ஏற்பாடு வேறில்லை.

பூஞ்சைக்குப் பதிலாகச் சர்க்கரை கலந்த வளர்ப்பு ஊடகத்திலும் விதை முளைக்கும் என்று 1922இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் காட்டினார். அதனால் ஆய்வகத்தில் கன்றுகளை நிறைய வளர்க்க முடிகிறது. ஆனால், காட்டில் ஓர் ஆர்க்கிட் இனம் தானாகப் பெருக வேண்டுமானால் மண்ணில் பூஞ்சை இருந்தாக வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று அறிய, ஆய்வாளர்கள் விதைகளை நைலான் வலைப் பைகளில் இட்டுப் புதைத்து, பல மாதங்கள் கழித்துத் தோண்டி, முளைத்த விதைகளிலிருந்து பூஞ்சையைப் பிரித்தெடுக்கிறார்கள். பெரும்பாலும் வளர்ந்த செடிகளின் வேரை ஒட்டிய மண்ணிலேயே விதை நன்றாக முளைக்கிறது. ஆகவே தாய்ச்செடியைப் பெயர்ப்பவர் அடுத்த தலைமுறைக்கான நிலத்தையும் கலைத்துவிடுகிறார்.

பிரிட்டனில் ஒற்றைக் காட்டுச் செடியாகச் சுருங்கிப்போன சிப்ரிபீடியம் கால்சியோலஸ் ஆர்க்கிட்டுக்கான மீட்புத் திட்டத்தை கியூ தாவரவியல் பூங்கா 1983இல் தொடங்கியது. காட்டில் நட்ட கன்று ஒன்று முதன்முதலாகப் பூத்தது 2000இல்தான். நட்ட கன்றுகளை எண்ணி மூன்றாண்டுகளில் கணக்கை முடிக்கும் நிதித் திட்டங்கள் இவ்வகைச் செடிகளுக்கு உதவா. கன்றின் வேரில் பூஞ்சை குடியேறியதா, அதன் விதை அருகிலேயே முளைத்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வாளருக்கு அந்தப் பதினேழு ஆண்டுகளும் சம்பளம் கிடைத்தாக வேண்டும்.