கருவில் ரத்தம் ஏற்றிய குழந்தைக்கு முதல் மூன்று மாதம் முக்கியம்

ஆறு வாரக் குழந்தை. ஹீமோகுளோபின் 5 கிராம். இரண்டு வாய் பால் குடிப்பதற்குள் களைத்துத் தூங்கிவிடுகிறது. தாய்க்கு ஆர்.எச். நெகட்டிவ் ரத்தம்; அவர் உடலில் உருவான எதிர்ப்பொருள்கள் குழந்தையின் சிவப்பணுக்களை அழித்தன. கருவில் இருக்கும்போதே தொப்புள்கொடி வழியாக மூன்று முறை ரத்தம் ஏற்றிக் காப்பாற்றிய குழந்தை இது. வீட்டுக்குப் போன பிறகு ஒரு முறைகூட ரத்தப் பரிசோதனை செய்யவில்லை. இப்படி இன்னும் எத்தனை குழந்தைகளைப் பார்ப்பது?

"பிறந்தபோது 14 இருந்ததே டாக்டர், மஞ்சளும் இறங்கிவிட்டதே" என்கிறார்கள். அந்த 14-இல் பெரும்பகுதி கொடையாளரின் ரத்தம். அது இருக்கும்வரை குழந்தையின் எலும்பு மஜ்ஜை புதிய அணுக்களை உண்டாக்க முனையாது. ஏற்றிய அணுக்களோ வாரத்துக்கு வாரம் குறையும். பிறகு குழந்தை தானே உண்டாக்கும் அணுக்களை, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் இரண்டு மூன்று மாதம் வரை அழித்துக்கொண்டிருக்கும். நீல விளக்கில் வைத்துக் காமாலை இறங்கினால் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி குறைந்தது, அவ்வளவுதான். ரத்தசோகை அதற்குப் பிறகுதான் வரும். இதைச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பும் மருத்துவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஏற்றிய அணுக்களே நிறைந்திருந்தால் சிவப்பணுக்களில் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் சோதனை நெகட்டிவ் என்றுகூட வரலாம். இளம் மருத்துவர்கள் அதை நம்பி ஏமாற வேண்டாம்.

வெளிறிப்போன குழந்தையைப் பார்த்து "நல்ல நிறமாகிவிட்டான்" என்று மகிழும் பாட்டிமார்களே, தயவுசெய்து உதட்டையும் உள்ளங்கையையும் பாருங்கள். அழாமல் தூங்கிக்கொண்டே இருப்பது சமர்த்து அன்று. பால் குடிக்கும்போது வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ, எடை ஏறாவிட்டாலோ அன்றைக்கே வாருங்கள்.

எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், வாரம் ஒரு முறையோ மருத்துவர் சொல்லும் இடைவெளியிலோ ஹீமோகுளோபினும், புதிதாக உருவான இளம் சிவப்பணுக்களான ரெட்டிக்குலோசைட்டும் பார்த்தே ஆகவேண்டும். மூன்று மாதம் வரை, எண்ணிக்கை தானாக ஏறும்வரை இதை விடக்கூடாது. கடையில் இரும்புச்சத்து டானிக் வாங்கி ஊற்றாதீர்கள். சிதைந்த அணுக்களின் இரும்பும் ஏற்றிய ரத்தத்தின் இரும்பும் ஏற்கெனவே உடலில் சேர்ந்திருக்கும். உடலில் சேர்ந்துள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்துத்தான் முடிவெடுப்போம். கடுமையான காமாலை செவித்திறனைப் பாதிக்கக்கூடும் என்பதால், காது கேட்கும் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிறந்தபோது எழுதிய ரத்த வகையையும் நம்பிவிடாதீர்கள். கருவில் பெரும்பாலும் ஓ நெகட்டிவ் ரத்தமே ஏற்றுவோம். சோதனையில் அதுவே தெரிந்திருக்கலாம். சில மாதம் கழித்து மறுபடி பாருங்கள். வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், கருவில் ரத்தம் ஏற்றியதை முதலில் சொல்லுங்கள். அடுத்து ஏற்றும் ரத்தம் கதிர்வீச்சு செலுத்திப் பதப்படுத்தியதாக இருக்க வேண்டும்.