பிளாக்செயினில் ஓட்டுப் போட்டால் ரகசியம் காக்கப்படுமா?

2025 ஜூன் 28 அன்று பீகாரின் சில நகர உள்ளாட்சித் தேர்தல்களில் கைபேசிச் செயலி வழியாகவும் ஓட்டுப் போட முடிந்தது. மூத்த குடிமக்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், வெளியூரில் பிழைப்பவர்கள் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டார்கள். நடத்தியது மாநிலத் தேர்தல் ஆணையம். ஓட்டுகளைக் காக்க பிளாக்செயின். மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் இது இன்னும் வரவில்லை.

பிளாக்செயின் என்பது பல கணினிகளில் ஒரே சமயத்தில் எழுதப்படும் பேரேடு. ஓரிடத்தில் அடித்துத் திருத்தினால் மற்ற நகல்கள் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே பதிவான ஓட்டை யாரும் மாற்றவில்லை என்று காட்ட அது உதவும். ரகசியம் அதனால் வருவதல்ல. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

ஓர் ஏற்பாடு, குருட்டுக் கையொப்பம். கார்பன் தாள் வைத்த உறைக்குள் வாக்குச்சீட்டைப் போட்டு மூடி, உறையின் மேல் அதிகாரி கையெழுத்திடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து உள்ளே பதிந்துவிடும், சீட்டை அவர் பார்த்திருக்க மாட்டார். நீங்கள் வாக்காளர்தான் என்பது உறுதியாகும். எந்த ஓட்டு உங்களுடையது என்பது தெரியாது. இன்னொன்று, ஓட்டைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கிப் பூட்டி, சாவியைத் துண்டுகளாக்கிப் பலரிடம் கொடுத்து வைப்பது. அவர்கள் ஒன்றுகூடினால்தான் திறக்கும்.

பூட்டு சொத்தையாக இருந்தால்? 2019இல் மாஸ்கோ நகர மன்றத் தேர்தலுக்கு முன் அங்கே பிளாக்செயின் ஓட்டு முறையைச் சோதித்தபோது, பிரெஞ்சு ஆய்வாளர் பியரிக் கோத்ரி அதன் குறியாக்கத்தைச் சாதாரணக் கணினியில் சுமார் 20 நிமிடத்தில் உடைத்துக் காட்டினார். பிறகு, உடைப்பது கடினமாகும்படி சாவியின் நீளத்தைக் கூட்டினார்கள். பேரேட்டில் ஏறியது அழியாது என்பதுதான் எனக்குக் கவலை: இன்று உடையாத பூட்டு பின்னொரு நாள் உடைந்தால், பழைய ஓட்டுகளும் வெளியே வரும்.

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, ரகசியத்தை வெளியிடும் தேர்தல் பணியாளருக்கு 3 மாதம் வரை சிறை என்கிறது. ஆனால் வீட்டில் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பவரை எந்தக் குறியாக்கம் தடுக்கும்? சாவடியில் அந்த அட்டைத் தடுப்பு செய்யும் வேலை பெரிது. 2005 முதல் இணையத்தில் ஓட்டெடுக்கும் எஸ்தோனியா இதற்கொரு வழி வைத்திருக்கிறது: அங்கே மறுபடியும் ஓட்டுப் போடலாம், கடைசியாகப் போட்டதுதான் செல்லும். மிரட்டலுக்குப் பணிந்து போட்டவர் பிறகு தனியே மாற்றிக்கொள்ளலாம். நம் ஊருக்கு இப்படி ஒரு செயலி வந்தால், இந்த வசதி அதில் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும்.