தாத்தாவுக்கு 7 மில்லி, பேரனுக்கு 5 மில்லி

என் அக்கா மகனுக்கு வயது 4, எடை 16 கிலோ. குன்னூரில் அவனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். இரண்டு மாதத்துக்கு முன்புதான் எங்கள் அப்பாவுக்கும் ஒரு ஆபரேஷன் ஆகியிருந்தது. மயக்க மருந்து கொடுத்தது அதே டாக்டர்தான். அப்பாவுக்கு வயது 72, எடை 64 கிலோ. அக்கா கணக்கில் புலி. "அப்பாவுக்குப் போட்டதுல கால்வாசிதானே டாக்டர் இவனுக்கு?" என்றாள்.

"கால்வாசி போட்டா பையன் எழுந்து உக்காந்துருவாம்மா" என்று சிரித்தார் டாக்டர்.

அவர் சொன்ன மருந்து புரோபோஃபால். சோயா எண்ணெயோடு கலந்து வருவதால் பால் மாதிரி இருக்கும். ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். தூங்கவைக்க வயதானவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம் போதும். குழந்தைக்கு 2.5 முதல் 3.5 வரை வேண்டும். அப்பாவுக்கு 7 மில்லி போனது, பையனுக்கு 5. எடை கால்வாசி, மருந்தோ முக்கால்வாசிக்குக் கொஞ்சம்தான் குறைவு!

காரணம் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. இந்த மருந்து மூளைக்குப் போனதும் தூக்கம் வருகிறது. அங்கிருந்து தசைக்கும் கொழுப்புக்கும் பரவியதும் தெளிகிறது. குழந்தையின் இதயம் ஒவ்வொரு கிலோவுக்கும் பெரியவர்களைவிட அதிக ரத்தத்தை இறைக்கிறது. மூளையில் மருந்து நிற்பதற்குள் ரத்தம் அதை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். எடையோடு பார்த்தால் கல்லீரலும் பெரிது, மருந்து கழிவதும் வேகம். ஊட்டிக் குளிரில் கிளாஸில் ஊற்றிய டீ, பேச ஆரம்பிப்பதற்குள் ஆறிவிடும். தூக்குவாளியில் இருப்பது அரை மணி கழித்தும் சுடும். சின்ன உடம்பும் அந்த கிளாஸ் மாதிரிதான், வெப்பத்தைச் சீக்கிரம் இழக்கும், அதனால் உள்ளே அடுப்பு வேகமாக எரிய வேண்டும். கைக்குழந்தை நிமிடத்துக்குக் கிலோவுக்கு 6 மில்லி ஆக்சிஜனுக்கு மேல் செலவழிக்கிறது, பெரியவர்கள் அதில் ஏறக்குறைய பாதி. மயக்கத்தில் மூச்சு கொஞ்சம் தடைப்பட்டாலும் குழந்தைக்கு உடனே நீலம் பாய்வது இதனால்தான்.

சரி, அப்படியானால் பிறந்த குழந்தைக்கு இன்னும் அதிகம் வேண்டுமா? இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. பச்சிளம் குழந்தையின் கல்லீரல் நொதிகள் முதிர்ந்திருக்காது, சிறுநீரகமும் அப்படியே. வலியைக் குறைக்கும் மார்ஃபின் கொடுத்தால் அது உடம்பிலேயே கிடந்து மூச்சை அமுக்கிவிடும். அதனால் பிறந்தவுடன் குறைவு, தவழ்ந்து ஓடும் வயதில் உச்சம், வயதாக ஆகச் சரிவு. எடையை மட்டும் வைத்து ஒரே சூத்திரம் போட முடியாது.

முகமூடி வழியாகக் கொடுக்கும் செவோஃபுளுரேன் என்ற மயக்க ஆவியிலும் வயது பேசும், ஆனால் வேறு மாதிரி. கத்தி பட்டாலும் பாதிப் பேர் அசையாதிருக்க, 40 வயதில் காற்றில் சுமார் 2 சதவீதம் வேண்டும், 80 வயதில் 1.4, சிறுவர்களுக்கு 2.5, பிறந்த குழந்தைக்கு 3.3.

மலைக்காரனான எனக்கு உடனே ஒரு சந்தேகம். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் சுமார் 580 மில்லிமீட்டர், கடலோரத்தில் 760. அரிசி வேகவே இங்கே நேரம் பிடிக்கிறது. அந்த 2.5 இங்கே பலிக்குமா? மூளைக்குச் சதவீதம் தெரியாது. ஆவியின் அழுத்தம்தான் தெரியும். திரவத்தின் ஆவியழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது, உயரத்தை அல்ல. அதனால் செவோஃபுளுரேன் திரவத்தை ஆவியாக்கித் தரும் கருவியில் அதே எண்ணை வைத்தால், வெளியே வரும் சதவீதம் ஏறும், அழுத்தம் ஏறக்குறைய அதேதான். டெஸ்ஃபுளுரேன் என்ற இன்னொரு மயக்க ஆவியின் கருவி மட்டும் விதிவிலக்கு. அது வேறு விதமாக வேலை செய்கிறது, உயரத்தில் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும்.

பையன் ஆபரேஷன் முடிந்து ஒரு மணி நேரத்தில் கண் விழித்து வர்க்கி கேட்டான். அப்பா அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் "மணி என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.