இரண்டு காற்றுகளுக்கு நடுவே ஒரு மலை

1997 மே 23. எம். மகேந்திரன், என். மோகனதாஸ் என்ற இரண்டு மலேசியத் தமிழர்கள் எவரெஸ்ட் உச்சியில் நின்ற நாள். மலேசியர்களில் அங்கே முதலில் கால் வைத்தவர்கள் அவர்கள்தான். டென்சிங்கும் ஹிலாரியும் ஏறியது 1953 மே 29. நாற்பத்து நான்கு ஆண்டு இடைவெளி, ஆனால் நாட்காட்டியில் ஆறு நாள்தான் தள்ளி. எவரெஸ்ட் ஏறியவர்களின் பட்டியலைப் புரட்டினால் பெரும்பாலோர் மே மாதத்தின் பின்பாதியிலேயே வந்து சேர்கிறார்கள்.

மலை ஆண்டு முழுக்க அங்கேதான் இருக்கிறது. பிறகு ஏன் அந்தச் சில நாளுக்காக எல்லோரும் காத்துக் கிடக்கிறார்கள்?

எங்கள் பினாங்குக் குழுவுக்கும் இந்தக் கேள்வி வந்தது. ஞாயிறு காலைகளில் ஏழெட்டுப் பேர் மூன் கேட்டில் தொடங்கிப் பினாங்கு மலை ஏறி இறங்குகிறோம். 5,364 மீட்டர் உயரத்திலுள்ள எவரெஸ்ட் அடிவார முகாம் வரை ஒருமுறை நடந்து போய்வர வேண்டும் என்பது எங்கள் ஆசை. 84-ஆம் நிறுத்தத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "டிசம்பர்ல ஸ்கூல் லீவு வருதுல்ல அண்ணே, அப்பவே போயிடலாமே" என்றார் தம்பி ஒருவர். அங்கேயே பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நமக்குப் பருவம் என்றால் மழை உண்டா, இல்லையா என்பதோடு சரி. இலையுதிர்காலம், வசந்தகாலம் எல்லாம் நமக்குப் படத்தில் பார்த்த காலங்கள். ஆனால் காற்றின் திசை நமக்குப் புதிதில்லை. பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் கெடாதான் பழைய கடாரம். நம் வணிகர்கள் காற்று பார்த்துக் கப்பல் ஏறி வந்து, காற்று திரும்பும்வரை தங்கியிருந்து, அப்புறம் ஊர் திரும்பிய கரை அது. திசைக்கொரு பெயர் வைத்து அவர்கள் காற்றை அறிந்திருந்தார்கள். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. இமயமலைக்கு மாதம் பார்க்க இதில் கடைசி இரண்டும் போதும்.

கோடை என்றால் வெயில்காலத்தோடு குழம்பும். கிராமத்தில் சொல்வது போல மேல்காற்று என்றே சொல்கிறேன். அந்தப் பெயர் இங்கே இரட்டிப்பாகப் பொருந்துகிறது: மேற்கிலிருந்து வருகிறது, மேலேயும் வீசுகிறது. வானிலையாளர்கள் ஜெட் காற்றோட்டம் என்று சொல்வது இதைத்தான்.

சூடான காற்று உப்பும், குளிர்ந்த காற்று சுருங்கும். நம் வெப்பமண்டலத்துக்கு மேலே இருக்கும் காற்று உப்பி உயர்ந்து நிற்கிறது. வடக்கே போகப்போக அது சுருங்கித் தாழ்ந்துகொண்டே போகிறது. ஆக, தெற்கிலிருந்து வடக்கே இறங்கும் ஒரு சரிவு வானத்தில் உருவாகிவிடுகிறது. அந்தச் சரிவில் வடக்கு நோக்கி ஓடப் பார்க்கும் காற்றைப் பூமியின் சுழற்சி வலப்பக்கம் வளைத்துவிடும். வடக்கே போகிறவனுக்கு வலப்பக்கம் கிழக்கு. அதனால் கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. குளிர்காலத்தில் வடக்குக்கும் தெற்குக்கும் வெப்ப வேறுபாடு மிக அதிகம். சரிவு செங்குத்தாகும், ஆறும் வேகம் எடுக்கும், தெற்கே இறங்கி இமயமலையின் தோளிலேயே வந்து படுத்துக்கொள்ளும்.

எவரெஸ்டின் உயரம் 8,849 மீட்டர். அதாவது உச்சி அந்த ஆற்றுக்குள் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. குளிர்காலப் படங்களில் உச்சியிலிருந்து கிழக்குப் பக்கமாக ஒரு வெள்ளைக் கொடி பறப்பது போலத் தெரியும். பாதி மேகம், பாதி காற்று சீவி எடுத்த பனித்தூள். அந்தக் காற்று மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் இருமடிப்படி ஏறும் என்பதால், 40 கிலோமீட்டர் காற்றைவிட 160 கிலோமீட்டர் காற்று பதினாறு மடங்கு பலமாகத் தள்ளும். அதில் மனிதனால் நிற்க முடியாது.

இனி கொண்டல். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் ஏற ஏற, சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் கிடக்கும் திபெத் பீடபூமி சூடாகிறது. பள்ளத்தாக்கில் இருக்கும் அடுப்பையும் மாடியில் வைத்த அடுப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இது மாடி அடுப்பு. நடுவானத்தின் காற்றையே நேராகச் சுடவைக்கிறது. அப்போது தெற்கு சூடு, வடக்கு குளிர் என்ற பழைய சரிவு கலைந்துபோகிறது. நிற்க இடமில்லாமல் மேல்காற்று திபெத்துக்கு வடக்கே இடம்பெயர்கிறது. அந்த வெற்றிடத்தைப் பார்த்து வங்கக்கடலின் ஈரக்காற்று கங்கைச் சமவெளி வழியாகக் கிழக்கிலிருந்து ஏறி வருகிறது. நேபாளத்தின் கிழக்கு எல்லையை அது தொடுவது பொதுவாக ஜூன் இரண்டாம் வாரம். கொண்டல் என்ற சொல்லுக்கே மேகம் என்று இன்னொரு பொருள் இருப்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிலிர்க்கும்.

ஆக, மேல்காற்று விலகிவிட்டது, கொண்டல் இன்னும் வரவில்லை. நடுவே சில நாள் உச்சியில் அமைதி. மகேந்திரனும் மோகனதாஸும் நின்றது அந்த இடைவெளியில்தான்.

சரி, அடிவார முகாமோடு திரும்பிவிடும் நமக்கு? நாம் அந்த ஆற்றுக்குக் கீழே நடக்கிறோம். நமக்குச் சிக்கல் மழை, மேகம், புழுதி, குளிர். நேபாளத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ 80 சதவீதம் ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடும். பாதை சரியும், அட்டை ஏறும், கண்ணால் தரையைப் பார்த்தே இறங்க வேண்டிய லுக்லா விமான ஓடுபாதையை மேகம் மூடிவிடும். அந்த மாதங்களில் எவரெஸ்ட் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

ஆனால் மலைக்குப் பின்பக்கம் கதை வேறு. ஈரக்காற்று சரிவில் ஏறும்போது குளிர்ந்து, முன்பக்கத்திலேயே மழையை இறக்கிவிடும். நேபாளத்தின் அன்னபூர்ணா மலைத்தொடருக்குத் தெற்கே இருக்கும் லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வடக்கே ஜோம்சோமில் 300 மில்லிமீட்டர் அளவுதான். இரண்டுக்கும் நேர்க்கோட்டில் 60 கிலோமீட்டர்கூட இல்லை. ஜூலை, ஆகஸ்டில் மட்டுமே விடுமுறை கிடைப்பவர்கள் முஸ்தாங், லடாக் என்று மலைமறைவுப் பகுதிகளைப் பார்க்கலாம்.

வசந்தமும் மோசமில்லை. காட்டில் குராஸ் மரங்கள் சிவப்பாகப் பூத்து நிற்கும், இரவுக் குளிரும் நாளுக்கு நாள் குறையும். ஒரே குறை, மழைக்கு முந்தைய சமவெளிப் புழுதியும் காட்டுத்தீப் புகையும் மேலேறி வந்து மலைகளை மங்கலாக்கிவிடும். சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் நாள்களில் பினாங்குப் பாலத்தின் மறுமுனை காணாமல் போவதைப் பார்த்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். அதே பாலம் ஒரு நல்ல மழை அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் எப்படி இருக்கும்? கெடாவின் மலை முகடுகள்கூடத் தெரியும். இமயமலையின் அக்டோபர் என்பது அந்த மறுநாள் காலை. நாலு மாத மழை காற்றைக் கழுவிவிட்டுப் போயிருக்கும். மேல்காற்று இன்னும் முழுபலத்தோடு திரும்பியிருக்காது. இது இரண்டாவது இடைவெளி, முதலாவதைவிட நீளமானது. நடப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த மாதத்தைத்தான்.

டிசம்பர் கேட்ட தம்பிக்கு வருகிறேன். டிசம்பரில் வானம் தெளிவாகவே இருக்கும், கூட்டமும் இராது. ஆனால் 5,000 மீட்டருக்கு மேலே இரவில் மைனஸ் 15-க்குக் கீழே போகும். குளிரோடு இன்னொன்றும் இருக்கிறது, பலரும் கவனிக்காதது. சென்ற முறை கேமரன் மலைக்குப் போனபோது லிட்டில் இந்தியாவில் வாங்கிய முறுக்குப் பாக்கெட் தானா ராத்தா போய்ச் சேர்வதற்குள் தலையணை மாதிரி உப்பிவிட்டது. வெறும் 1,440 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்ததும் உள்ளே இருந்த காற்று விரிந்துவிட்டது. அடிவார முகாமில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டிய அளவுதான், மூச்சுக்கு மூச்சு உயிர்வளியும் அப்படியே பாதி. அந்தப் பாதியும் ஆண்டு முழுக்க ஒரே அளவில் நிற்பதில்லை. குளிர்காலத்தில் காற்று சுருங்கித் தாழ்கிறது என்றேன் அல்லவா, அதனால் அதே உயரத்தில் தலைக்கு மேலே மிஞ்சும் காற்று குறைவு. எவரெஸ்ட் உச்சியில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் 10 மில்லிபாருக்கு மேல் வித்தியாசம். அடிவார முகாமில் அவ்வளவு இல்லை என்றாலும் போக்கு அதுவே: குளிர்காலத்தில் மலை கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்ளலாம். முதல்முறை போகிறவர்களை அந்த மாதத்தில் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

நம் நாட்டின் கினாபாலு (4,095 மீட்டர்) இந்தக் கணக்கில் சேராது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஆறு பாகையில் நிற்கும் மலைக்குக் கோடை, குளிர் என்று பெரிய வேறுபாடு கிடையாது. அங்கே பருவம் ஒரு நாளுக்குள்ளேயே மாறுகிறது. காலை வெயிலில் சரிவு சூடாகி, ஈரக்காற்று மலையோடு ஊர்ந்து ஏறி, முற்பகலிலேயே உச்சியை மேகம் மூடிவிடும். பினாங்கு மலையிலும் இதைச் சின்ன அளவில் பார்க்கலாம். அதனால்தான் கினாபாலுவில் அதிகாலை இரண்டு மணி வாக்கில் விளக்கை நெற்றியில் கட்டி ஏறச் சொல்கிறார்கள். மாதம் என்று பார்த்தால், வடகிழக்குப் பருவமழை அடங்கியபின் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்லது.

அக்டோபரிலும் ஒரு கண்டம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை வங்கக்கடலின் புயல் மாதங்கள். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹூட்ஹூட் புயலின் மிச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டே நாளில் அன்னபூர்ணா வட்டாரத்தில் பனிப்புயலாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத்துத் தொரோங் கணவாயிலும் சுற்றுவட்டாரத்திலும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அது நடந்தது ஆண்டின் மிக நல்ல மாதத்தில். அங்கிருந்து கடல் பல நூறு கிலோமீட்டர் தூரம். ஆனால் புயல் கரை கடந்ததற்கும் பனி கொட்டியதற்கும் நடுவே, செய்தி கேட்டு இறங்கிவிட இரண்டு நாள் இருந்தது.

தம்பி அக்டோபருக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். லுக்லாவிலிருந்து கிளம்பும் நாள் முதல் தினமும் மாலையில் வங்கக்கடல் வரைபடத்தைத் திறந்து பார்ப்பது அவர் பொறுப்பு. ஒரு சுழி தெரிந்தால், எங்கே இருந்தாலும் அந்த ஊரிலேயே இரண்டு நாள் தங்கிவிடுவோம்.